பொன்விழாவும் பாவப் பொறுத்தலும்

(பங்கின் பொன்விழாத் தயாரிப்புத் தியானத்தின் இரண்டாம் நாள் மாலை ஆற்றப்பட்ட உரை)



பொன்விழா என்றதும் நம் கண்முன் வருவது கொடியேற்றம், தேர்ப்பவனி, மேளதாளம், வெள்ளையடித்த கோவில், வெளியூர்களிலிருந்து வந்து சேரும் உறவினர் கூட்டம். இவையெல்லாம் வேண்டியவையே. ஐம்பது ஆண்டுகள் ஒரு பங்கு நிலைத்து நிற்பது எளிய காரியமல்ல. அதைக் கொண்டாடாமல் இருப்பது நன்றிகேடு. ஆனால் இந்தத் தியானத்திற்கென்று தலைப்புகளைப் பிரித்தபோது, இரண்டாம் நாளுக்குப் பாவசங்கீர்த்தனம் என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்ததாகக் கேள்விப்பட்டோம். விழாக் காலத்தில் பாவத்தைப் பற்றிய பேச்சு எதற்கு என்று அவர்கள் கேட்டார்களாம்.

அவர்களுக்குப் பழைய ஏற்பாடே பதில் சொல்கிறது. லேவியர் ஆகமம் 25-ம் அதிகாரத்தில் ஐம்பதாம் ஆண்டைப் பரிசுத்த ஆண்டாகக் கொண்டாட வேண்டுமென்ற கட்டளை இருக்கிறது. அந்த ஆண்டில் விற்ற நிலம் பழைய உரிமையாளனுக்குத் திரும்பும். அடிமைப்பட்டவன் தன் குடும்பத்திற்குத் திரும்புவான். நாடெங்கும் எக்காளம் ஊதி அந்த ஆண்டை அறிவிக்க வேண்டும். எந்த நாளில் ஊத வேண்டும்? அறுவடை நாளிலா? அல்ல. ஏழாம் மாதம் பத்தாம் நாளில், அதாவது மக்கள் உபவாசமிருந்து தங்கள் பாவங்களுக்குப் பரிகாரம் தேடும் நாளில் ஊத வேண்டும். யூபிலி என்ற சொல்லே அவ்விதம் ஊதப்பட்ட ஆட்டுக்கடாவின் கொம்பைக் குறிக்கும் எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது என்று அறிஞர் கூறுவர். கத்தோலிக்கத் திருச்சபையின் முதல் யூபிலி ஆண்டை 1300-ல் பாப்பரசர் எட்டாம் போனிபாஸ் அறிவித்தபோதும், உரோமையில் பேராலயங்களைச் சந்திக்க வருகிறவர்கள் மனம் வருந்திப் பாவசங்கீர்த்தனம் செய்திருக்க வேண்டும் என்பதையே நிபந்தனையாக வைத்தார். 2025-ல் உலகெங்கும் கொண்டாடிய யூபிலி ஆண்டு வரையில் அந்த நிபந்தனை நீங்கவில்லை. ஆகவே தலைப்பைத் தேர்ந்தவர்கள் சரியாகவே தேர்ந்திருக்கிறார்கள்.

நம் பங்கிலும் அக்கம்பக்கத்துப் பங்குகளிலும் ஞாயிறுதோறும் நாம் காண்பது என்ன? நற்கருணை வாங்க நிற்கும் வரிசை கோவில் வாசல் வரை நீளுகிறது. பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் அருகே நிற்பவர்கள் ஐந்தாறு பாட்டிமார்கள், சில வேளை ஓரிரு பள்ளிப் பிள்ளைகள். நற்கருணை வரிசை நீளமாயிருப்பது மகிழ்ச்சிக்குரியதே. பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் 1905-ல் அடிக்கடி நன்மை வாங்கும்படி மக்களை அழைத்த நாள்முதல் திருச்சபை அதை விரும்பியே வந்திருக்கிறது. ஆனால் மற்ற வரிசை ஏன் இவ்வளவு சுருங்கிப்போயிற்று? பாவம் குறைந்துவிட்டதா? ஊரில் வழக்குகளும் வட்டிக் கடன்களும் குறைந்ததாகத் தெரியவில்லை.

கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் பதில் ஒன்றுதான். “மன்னிக்கிறவர் கடவுள், அவரிடமே நேராகச் சொல்லிக்கொள்கிறோம். நடுவில் இன்னொரு மனிதர் எதற்கு?” இது நேற்றுப் பிறந்த கேள்வியல்ல. கப்பர்நாகூமில் கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனைக் கீழே இறக்கினார்களே, அன்று மறைநூல் அறிஞர்கள் மனதிற்குள் கேட்ட கேள்வியே இது. கடவுள் ஒருவரைத் தவிரப் பாவத்தை மன்னிப்பவர் யார் என்றார்கள். கேள்வி சரியான கேள்விதான். கிறிஸ்து நாதர் அதை மறுக்கவில்லை. தமக்கு அந்த அதிகாரம் உண்டென்று காட்ட நோயாளியை எழுந்து நடக்கச் செய்தார். இந்த நிகழ்ச்சியை எழுதும் மத்தேயு கடைசியில் ஒரு சிறு குறிப்பைச் சேர்க்கிறார். நாம் அதைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம். மனிதருக்கு இத்தகைய அதிகாரத்தைக் கொடுத்த கடவுளை மக்கள் புகழ்ந்தார்கள் என்கிறார். ஒரு மனிதருக்கு என்று எழுதவில்லை, மனிதருக்கு என்று பன்மையில் எழுதுகிறார்.

அந்தப் பன்மை எப்படி நிறைவேறிற்று என்பதை அருளப்பர் 20-ம் அதிகாரத்தில் காண்கிறோம். உயிர்த்த ஞாயிறு மாலை. கதவுகளைப் பூட்டிக்கொண்டு சீடர்கள் உள்ளே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் மூன்று நாளுக்கு முன் நேர்மையாக நடந்தவர்களல்ல. ஒருவர் மறுதலித்தார், மற்றவர்களில் பெரும்பாலோர் ஓடினார்கள். ஆண்டவர் வந்து, சமாதானம் சொல்லி, அவர்கள்மேல் ஊதிப் பரிசுத்த ஆவியைக் கொடுத்து, அவர்கள் யாருடைய பாவங்களை மன்னிப்பார்களோ அவை மன்னிக்கப்படும், எவற்றை மன்னியாமல் வைப்பார்களோ அவை அப்படியே இருக்கும் என்றார். மன்னிப்பதா, நிறுத்திவைப்பதா என்று தீர்மானிக்க வேண்டியவர் காரியம் இன்னதென்று கேளாமல் எப்படித் தீர்மானிப்பார்? மருத்துவரிடம் போய் வாயைத் திறக்க மாட்டேன், மருந்து மட்டும் கொடுங்கள் என்றால் அவர் என்ன செய்வார்? பாவங்களை வாய்விட்டுச் சொல்வது குருக்கள் தங்கள் ஆர்வத்திற்காக ஏற்படுத்திக்கொண்ட வழக்கமல்ல. ஆண்டவர் கொடுத்த அதிகாரத்தின் தன்மையிலேயே அது அடங்கியிருக்கிறது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடவுளிடம் நேராகச் சொல்ல வேண்டாமென்று திருச்சபை ஒருபோதும் சொன்னதில்லை. கடவுளை நேசிப்பதனால் மட்டுமே பாவத்துக்காக வருந்தும் உத்தம மனஸ்தாபம், சாவான பாவத்தையும் அந்தக் கணமே போக்கிவிடுகிறது என்று 1551 நவம்பரில் திரிதெந்தின் சங்கம் தெளிவாகப் போதித்தது. ஆனால் அந்த மனஸ்தாபத்திற்குள்ளேயே வாய்ப்புக் கிடைத்ததும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமென்ற ஆசை இருக்க வேண்டும் என்றும் சேர்த்துப் போதித்தது. கடலில் தனியாகத் தத்தளிக்கும் மீனவரும், நெடுஞ்சாலையில் விபத்தில் அடிபட்டுக் கிடப்பவரும் இந்தப் போதனையால் ஆறுதலடையலாம். வாரம் தவறாமல் கோவிலுக்கு வந்துகொண்டே, தொட்டியைச் சுற்றிப் போகிறவருக்கு இது அடைக்கலமாகாது.

நேராகச் சொல்லிக்கொள்வதில் ஓர் ஆபத்தும் உண்டு. தாவீது அரசன் ஊரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, ஊரியாவைப் போர்முனையில் சாகவும் செய்தான். அவன் செபிக்கத் தெரியாதவனல்ல. சங்கீதங்களின் அரசன் என்று நாம் போற்றுகிறவன். ஆயினும் பிள்ளை பிறக்கும் காலம் வரையில் அவன் மனம் அசையவில்லை. நாத்தான் வந்து, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிய கதையைச் சொன்னபோது, தாவீது கோபத்தில் கொதித்து அந்தப் பணக்காரன் சாகவேண்டுமென்று தீர்ப்புக் கூறினான். அடுத்தவன் குற்றம் என்றால் அவனுக்கு உடனே தெரிந்தது; தன் குற்றம் தெரியவில்லை. அந்த மனிதன் நீயேதான் என்று சொல்ல எதிரே இன்னொருவர் வேண்டியிருந்தது. நம் ஊர்ப் பஞ்சாயத்திலும் வழக்காடுகிறவனே நாட்டாண்மையாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல ஒப்புகிறோமா? தன் வழக்கில் தானே வக்கீலும் நீதிபதியுமாக இருக்கிறவன் ஒன்று தன்னைச் சுலபமாக விடுவித்துக்கொள்வான், அல்லது விடுதலையே இல்லையென்று வாழ்நாளெல்லாம் தன்னை வதைத்துக்கொள்வான். இரண்டு வகையினரையும் நாம் குடும்பங்களில் பார்க்கிறோம்.

சரி, ஆதித் திருச்சபையில் இந்தத் தொட்டியும் திரையும் இருந்தனவா என்று நம் இளைஞர்கள் கேட்கிறார்கள். இல்லை. இதைச் சொல்ல நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை. ஆண்டவர் கொடுத்த அதிகாரம் மாறவில்லை. அதைத் திருச்சபை செலுத்திய முறை பலமுறை மாறியிருக்கிறது. முதல் நூற்றாண்டுகளில் சிலைவழிபாடு, கொலை, விபசாரம் போன்ற பெரும் பாவங்களுக்கு வெளிப்படையான தவம் விதிக்கப்பட்டது. பாவி ஆயரிடம் தன் பாவத்தைச் சொல்லி, தவம் செய்வோர் குழுவில் சேர்ந்து, சாக்குடை தரித்து, நன்மை வாங்காமல், சில இடங்களில் ஆண்டுக்கணக்காகவும் காத்திருந்தான். இந்த வாய்ப்பு வாழ்நாளில் ஒரேமுறைதான். கப்பல் உடைந்தபின் கைக்குக் கிடைக்கும் பலகைக்கு இதை ஒப்பிட்டார் தெர்த்துல்லியான். முதல் மரக்கலம் ஞானஸ்நானம்.

அந்தக் காலத்து நிகழ்ச்சிகளில் தெயோதோசியு பேரரசனின் வரலாறு ஒன்றையாவது நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். 390-ல் தெசலோனிக்கேயில் ஒரு தேரோட்டியைச் சிறைப்படுத்தியதற்காக மக்கள் கலகம் செய்து படைத்தலைவனைக் கொன்றார்கள். பேரரசன் சினங்கொண்டு பழிவாங்கக் கட்டளையிட்டான். விளையாட்டரங்கில் கூடியிருந்த மக்கள், குற்றவாளி யார் குற்றமற்றவர் யார் என்ற விசாரணையின்றி வெட்டி வீழ்த்தப்பட்டனர். ஏழாயிரம் பேர் என்கிறார் தெயோதொரேத்து என்னும் பழைய வரலாற்றாசிரியர். அப்போது மிலான் நகர ஆயராயிருந்தவர் புனித அம்புரோஸ். படையும் பணமும் இல்லாத அந்த ஆயர், உலகத்தையே ஆண்ட மனிதனுக்குக் கடிதம் எழுதி, தவம் செய்து ஒப்புரவாகும் வரையில் அவன் முன்னிலையில் திருப்பலி நிறைவேற்ற இயலாது என்று அறிவித்தார். பேரரசன் என்ன செய்தான்? அரச உடைகளைக் களைந்துவிட்டுக் கோவிலில் எல்லார் முன்னிலையிலும் அழுது மன்னிப்புக் கேட்டான். மரண தண்டனைக் கட்டளை எதுவும் முப்பது நாள் கழித்தே நிறைவேற வேண்டுமென்று சட்டமியற்றும்படி ஆயர் அவனிடம் கேட்டார் என்றும் தெயோதொரேத்து எழுதுகிறார். கோபத்தில் செய்த பாவத்துக்குக் கோபத்தைத் தடுக்கும் சட்டமே பரிகாரம். மூன்று அருள்நிறை மந்திரத்தோடு முடித்துக்கொள்ளும் நமக்கு இதில் யோசிக்க இடமிருக்கிறது.

ஆனால் பெரும்பாலான மக்களால் இவ்வளவு கடுமையைத் தாங்க முடியவில்லை. சாகும் தறுவாயில் பார்த்துக்கொள்ளலாமென்று தவத்தைத் தள்ளிப்போட்டார்கள். பாவங்களை எழுதி எல்லாருக்கும் கேட்க வாசிக்கச் செய்யும் வழக்கம் இத்தாலியின் சில பகுதிகளில் இருந்தது. அதைக் கேள்வியுற்ற பாப்பரசர் பெரிய லேயோ 459-ல் அதைக் கண்டித்து நிறுத்தினார். குருவிடம் இரகசியமாகச் சொன்னால் போதும் என்றார். பின்பு ஐர்லாந்துத் துறவிகள், குறிப்பாக 615-ல் இறந்த புனித கொலும்பான், ஒருவர் எத்தனை முறை விழுந்தாலும் அத்தனை முறையும் தனிமையில் சொல்லி மன்னிப்புப் பெறும் வழக்கத்தை ஐரோப்பாவில் பரப்பினார்கள். இது எல்லாருக்கும் பிடித்துவிடவில்லை. 589-ல் ஸ்பெயின் நாட்டுத் தொலேதோ சங்கத்தில் கூடிய ஆயர்கள், மக்கள் பாவம் செய்யும்போதெல்லாம் வந்து பொறுத்தல் கேட்கும் புதுப்பழக்கம் என்று சொல்லி அதைக் கண்டித்திருக்கிறார்கள்! இன்று நாம் பழைய வழக்கம் என்று நினைப்பது ஒரு காலத்தில் ஆயர்களை அதிரவைத்த புதுமை. 1215-ல் நான்காம் இலாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமென்று கட்டளையிட்டது. இடையே திரையிட்ட தொட்டியைப் பதினாறாம் நூற்றாண்டில் மிலானில் பரப்பியவர் அந்நகரப் பேராயர் புனித சார்லஸ் பொரோமேயு; பெண்களின் மரியாதையைக் காப்பதே அதன் முக்கிய நோக்கம். 1973 டிசம்பரில் வெளியான புதிய சடங்குமுறை, தனியாகச் செய்வது, பலர் கூடி ஆயத்தம் செய்து ஒவ்வொருவராகச் செய்வது, அவசரத் தேவையில் பொதுவாகப் பொறுத்தல் பெறுவது என்று மூன்று வகைகளைத் தந்தது. மூன்றாவது வகை நமக்கு வெறும் ஏட்டுச் செய்தியாகவே இருந்தது. 2020-ல் பெருந்தொற்று வந்து மருத்துவமனைகளில் நோயாளிகள் உறவினர் முகம்கூடக் காணாமல் இறந்தபோது, உரோமை அதை நினைவூட்டி அனுமதித்தது.

இந்த வரலாற்றில் நம் தமிழுக்கும் பங்கு உண்டு. புனித சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்து, இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி முதலில் தமிழில் ஆக்கிய செபங்களில் பாவசங்கீர்த்தன மந்திரமும் ஒன்று. அவருக்குப்பின் அக்கரையில் அரை நூற்றாண்டுக்காலம் உழைத்த ஹென்றிக்கே ஹென்றீக்கஸ் அடிகளார், 1578-ல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தையும், 1579-ல் கொச்சியில் கிரீசித்தியானி வணக்கத்தையும் அச்சிட்டார். தமிழ் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் என்று தம்பிரான் வணக்கத்தை எல்லாரும் அறிவோம். 1580-ல் அதே கொச்சியில் அவர் அச்சிட்ட அடுத்த நூலை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அதன் பெயர் கொம்பெசியொனாயரு. பாவசங்கீர்த்தனம் செய்வதற்கு உதவும் கையேடு. அச்சு யந்திரம் நம் மொழிக்கு வந்த மூன்றாம் ஆண்டிலேயே ஒரு தமிழன் தன் மனச்சாட்சியைத் தன் தாய்மொழியில் திறந்து சொல்ல ஒரு புத்தகம் கிடைத்துவிட்டது. முத்துக்குளிக்க மூழ்கிய நம் முன்னோர் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொட்டிக்குப் போனார்கள் என்று சொல்ல வரவில்லை, எழுத்தறிந்தவர் சிலரே. ஆனால் அவர்களுக்காக உழைத்த ஒருவருக்கு எது முதல் தேவையாகப் பட்டது என்பதை இந்த வரிசை காட்டுகிறது.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதியவர்கள் பாவசங்கீர்த்தனம் என்கிறார்கள். ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகள் ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள். எல்லைக்கு அப்பால் மலையாளத்தார் கும்பசாரம் என்கிறார்கள். இதில் எது சரியென்று வீட்டில் சண்டை வேண்டாம். சங்கீர்த்தனம் என்பதற்கு எடுத்துச் சொல்லுதல் என்றும் புகழ்ந்து பாடுதல் என்றும் பொருள் உண்டு. 400-ம் ஆண்டை ஒட்டிப் புனித அகுஸ்தினார் தம் வாழ்க்கை வரலாற்றுக்கு வைத்த இலத்தீன் பெயரிலும் இந்த இரண்டு பொருளும் சேர்ந்தே இருக்கின்றன: தன் பாவத்தைச் சொல்வதும் இறைவன் இரக்கத்தைப் புகழ்வதும். பழைய சொல் அவ்வளவு ஆழமானது. ஒப்புரவு என்ற சொல்லோ, பாவம் நமக்கும் கடவுளுக்கும் நடுவில் மட்டும் நிற்பதல்ல, அயலாரோடும் திருச்சபையோடும் உள்ள உறவையும் அறுக்கிறது என்பதைச் சொல்கிறது. ஆயினும் புதுப்பெயர் வந்ததும் சொல்லுதல் என்ற பகுதியே மறைந்துவிட்டதோ என்று எங்களுக்கு ஐயம்.

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டிய ஐந்து காரியங்களைச் சிறுவயதில் மனப்பாடம் செய்திருக்கிறோம்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, பாவங்களைக் குருவிடம் சொல்லுதல், அபராதம் தீர்த்தல். இவற்றை மறுபடி விவரிக்கத் தேவையில்லை. சொல்லுகையில் தன் பாவத்தை மட்டும் சொன்னால் போதும். மருமகளின் பாவங்களை மாமியாரும், கணவனின் பாவங்களை மனைவியும் வரிசைப்படுத்தித் தருவது வேண்டாம். (இது யாருடைய பாவசங்கீர்த்தனத்திலிருந்தும் எடுத்ததல்ல, பழைய ஞானோபதேச ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த எச்சரிக்கை.)

ஐந்தாவது காரியத்தில் மட்டும் சற்று நிற்போம். குரு விதிக்கும் செபத்தைச் சொல்லி எழுந்துவிட்டால் கணக்குத் தீர்ந்ததென்று நினைக்கிறோம். சக்கேயு அப்படி நினைக்கவில்லை. ஆண்டவர் அவனிடம் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதிருக்க, அவனாகவே எழுந்து, சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னான். பாவப் பொறுத்தல் பாவத்தைப் போக்கும். பக்கத்து வயலில் நாம் அரை முழம் தள்ளிவைத்த வரப்பை அது பழைய இடத்துக்கு நகர்த்தாது. சீட்டுப் பணத்தில் விழுந்த துண்டை அது நிரப்பாது. ஒரு பெண்ணைப் பற்றிக் கிணற்றடியில் ஆரம்பித்து இன்று கைபேசியில் ஊர் முழுதும் சுற்றிய பொய்யை அது தானாகத் துடைத்துவிடாது. அவற்றைச் செய்ய வேண்டியவர் பாவசங்கீர்த்தனம் செய்தவரே. பொருளைத் திருப்பிக் கொடுக்கப் போனால் மானம் போய்விடுமே என்று பயப்படுகிறவர்கள் உண்டு. திருடியதைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கும்படி திருச்சபை கேட்பதில்லை. கொடுத்தவர் யாரென்று தெரியாமல் குருவின் கையாலேயே உரியவரிடம் சேர்ப்பிக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. திருப்பித் தர உண்மையிலேயே வகையில்லாதவன், வகை வரும்போது தருவேன் என்ற உறுதியோடு வரலாம். பேச்சற்றுப்போன அண்ணன் தம்பிகள் விஷயமும் இதில் அடங்கும். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானமாகச் சொன்னவர் கிறிஸ்துவே. ஐம்பதாம் ஆண்டில் நிலம் உரியவனுக்குத் திரும்பியது என்று முதலில் சொன்னோமே, அது இங்கேதான் வந்து பொருந்துகிறது.

இனி, பலருடைய மனதில் உள்ள உண்மையான தடைக்கு வருவோம். சொன்னது வெளியே போய்விட்டால்? 2018-ல் நம் அண்டை மாநிலத்தில் வேறொரு திருச்சபையைச் சேர்ந்த குருக்கள் மீது, ஒரு பெண்ணின் பாவசங்கீர்த்தனத்தை வைத்தே அவளை மிரட்டினார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அதையொட்டித் தேசிய மகளிர் ஆணையத்தின் தலைவர் பாவசங்கீர்த்தனத்தையே ஒழித்துவிட வேண்டுமென்று பரிந்துரைத்தார். கத்தோலிக்க ஆயர்கள் அதை எதிர்த்தார்கள், அரசும் ஏற்கவில்லை. பரிந்துரை தவறானதே. ஆனால் அதன் பின்னால் இருந்த அச்சமும் கோபமும் தவறானவையல்ல. ஒரு தாய் அந்தச் செய்தியை வாசித்துவிட்டுத் தன் மகளைத் தொட்டிக்கு அனுப்பத் தயங்கினால், அவளைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வராது. அவளுக்குத் திருச்சபையின் சட்டம் என்ன சொல்கிறது என்று எடுத்துச் சொல்வதே நம் கடமை.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வார்த்தையாலோ வேறு எவ்விதத்தாலோ வெளிப்படுத்துவது குருவுக்கு முற்றிலும் விலக்கப்பட்டிருக்கிறது. நேரடியாக வெளிப்படுத்துகிறவர் அக்கணமே திருச்சபைக்குப் புறம்பாகிறார், அந்தத் தண்டனையை நீக்கும் அதிகாரம் உரோமைக்கு மட்டுமே உண்டு. வெளியே தெரிய வாய்ப்பே இல்லையென்றாலும், கேட்டதைப் பயன்படுத்திச் சொன்னவருக்குப் பாதகமாக எதுவும் செய்யக்கூடாது. இடையில் மொழிபெயர்த்தவரும், தற்செயலாகக் காதில் விழுந்தவரும்கூட அந்த இரகசியத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். வரிசையில் நெருங்கி நிற்பவர்கள் இதை நினைத்து நான்கடி தள்ளி நிற்பது நல்லது! பாவசங்கீர்த்தனத்தைச் சாக்காக வைத்து யாரையும் கெட்ட நோக்கத்தோடு அணுகும் குரு கடும் குற்றவாளி, குருநிலையிலிருந்தே நீக்கப்படலாம். அப்படி நடந்தால் ஆயரிடம் முறையிட வேண்டும். இரகசியம் காக்கும் கடமை குருவுடையதே தவிர, பாதிக்கப்பட்டவருடையது அல்ல. நாட்டின் சட்டத்தை நாடவும் அவருக்குத் தடையில்லை. இன்னும் ஒன்று: பங்குச்சாமியிடந்தான் செய்ய வேண்டுமென்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. அதிகாரம் பெற்ற எந்தக் குருவிடமும், வேறு ரீதியைச் சேர்ந்தவராயினும், போகலாம். திரைக்குப் பின்னால் முகம் காட்டாமல் செய்ய விரும்புகிறவர்களுக்கு அந்த வசதி ஒவ்வொரு கோவிலிலும் இருக்க வேண்டும் என்பதும் சட்டமே.

இந்த இரகசியத்துக்காக உயிர்கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். பிராக் நகரில் 1393-ல் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்ட புனித அருளப்பர் நெப்போமுக், அரசியின் பாவசங்கீர்த்தனத்தை அரசனுக்குச் சொல்ல மறுத்தே இறந்தார் என்பது நெடுங்கால மரபு. அது பழங்கதை என்று ஒதுக்குகிறவர்கள் மெக்சிகோவைப் பார்க்கட்டும். 1927 பெப்ருவரியில் மத்தேயோ கொர்ரேயா என்ற குருவைப் படைவீரர்கள் பிடித்து, மரண தண்டனைக்காக அடைக்கப்பட்டிருந்தவர்களின் பாவசங்கீர்த்தனம் கேட்க அனுமதித்தார்கள். பின்பு தளபதி அவர்கள் சொன்னதைச் சொல்லும்படி கேட்டான். அவர் மறுத்தார், சுட்டுக் கொன்றார்கள். 2000-ல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

குருக்களாகிய நாங்களும் இதே அருட்சாதனத்துக்கு முழந்தாளிட வேண்டியவர்களே. தன் பாவத்தைத் தானே மன்னித்துக்கொள்ளும் குரு உலகில் இல்லை, பாப்பரசரும் இல்லை. 2014 மார்ச்சில் இராயப்பர் பேராலயத்தில் மற்றவர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கப் போன பாப்பரசர் பிரான்சிஸ், முதலில் ஒரு சாதாரணக் குருவின் முன் முழந்தாளிட்டதை உலகமே பார்த்தது.

அந்தப் பாப்பரசர் செய்த இன்னொரு காரியம் நம் வீடுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. கருவை அழித்த பாவம் மிகக் கனமானது. சட்டப்படி அதைப் பொறுக்கும் அதிகாரம் முன்னர் ஆயருக்கும் அவர் அனுமதித்த குருக்களுக்குமே உரியதாக இருந்தது. 2015 டிசம்பரில் தொடங்கிய இரக்கத்தின் யூபிலி ஆண்டில் எல்லாக் குருக்களுக்கும் அந்த அதிகாரத்தை அளித்த பாப்பரசர், 2016 நவம்பரில் அதை நிலையாக்கினார். இருபது முப்பது வருடங்களுக்கு முன் வறுமையாலோ, வீட்டாரின் வற்புறுத்தலாலோ நடந்த ஒன்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு, நமக்கு இனி மன்னிப்பில்லை என்று எண்ணி நன்மை வாங்காமலே கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் எந்தப் பங்கிலும் இருக்கக்கூடும். வற்புறுத்திய கணவன்மார்களும் மாமியார்களும் இருக்கக்கூடும். அவர்களுக்கும் அதே பாரம் உண்டு, அதே கதவும் உண்டு. ஆயரிடம் போகவேண்டியதில்லை, கடிதம் வேண்டியதில்லை, ஊரிலுள்ள எந்தக் குருவிடமும் சொல்லலாம். இராயப்பரும் யூதாசும் ஒரே இரவில் ஆண்டவருக்குத் துரோகம் செய்தார்கள், இருவரும் வருந்தினார்கள். ஒருவர் ஆண்டவருடைய பார்வையைச் சந்தித்தார், மற்றவர் தலைமைக் குருக்களிடம் போய்ப் பணத்தை வீசிவிட்டுத் தனியே போனார். பாவத்தின் கனம் அவர்களைப் பிரிக்கவில்லை.

நீண்ட காலம் வராதவர்கள் எப்படித் தொடங்குவதென்று அஞ்சுகிறார்கள். மந்திரங்கள் மறந்துபோயின என்று சொல்லுங்கள், அது போதும். குரு உதவி செய்வார். எத்தனை வருடம் ஆயிற்று என்று சொல்லிவிட்டு, மனதில் அதிகமாகக் கனப்பதை முதலில் சொல்லுங்கள். உண்மையாகவே மறந்த பாவமும் மற்றவற்றோடு பொறுக்கப்படுகிறது. வேண்டுமென்று மறைப்பது மட்டுமே கூடாது.

படுக்கையில் கிடப்பவர்கள் விஷயத்தில் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். சாமியாரைக் கூப்பிட்டால் நோயாளி பயந்துவிடுவார் என்று கடைசி மூச்சு வரையில் காத்திருந்து, நினைவு தப்பியபின் ஆள் அனுப்புகிறோம். பேச முடியாதவருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கலாம். ஆனால் அவர் தம் மனதைத் திறந்து சொல்லிக்கொள்ளும் வாய்ப்பை நாமே பறித்தவர்களாகிறோம். வாய் பேசும்போதே அழையுங்கள். மரண ஆபத்தில் எந்தக் குருவும், குருத்துவப் பணியை விட்டுவிட்டவராயினும், பாவப் பொறுத்தல் வழங்கலாம் என்று திருச்சபை அனுமதித்திருக்கிறது.

நாளை வியாழன் முதல் சனி வரை மூன்று நாளும் மாலை நான்கு மணியிலிருந்து, அக்கம்பக்கத்துப் பங்குகளின் குருக்கள் நால்வர் கோவிலில் இருப்பார்கள். இருவர் தொட்டியில், ஒருவர் ஞானஸ்நானத் தொட்டியருகே நாற்காலியில், ஒருவர் பழைய சக்ரீஸ்தில் திரைக்குப் பின்னால். சக்ரீஸ்துக்குத் தோட்டத்துப் பக்கமாகவும் வழி இருக்கிறது. வீட்டில் நோயாளிகள் இருந்தால் கோவில்பிள்ளையிடம் பெயரும் தெருவும் சொல்லிவையுங்கள். வெள்ளிக்கிழமை காலையில் வருகிறோம்.